கொஞ்சம் என்றால் எவ்வளவு?

இது நீளமான பதிவு. மதியச் சமையல் முடிந்து ஓய்வாக உட்காரும்போது படியுங்கள்.

"இந்த வயசுல எதுக்கு டீச்சர் ஜப்பான் பாஷை?" என்று செவிலிமேட்டில் என்னைக் கேட்காதவர்கள் குறைவு. பால் ஊற்றுபவர் கேட்டார். வந்தவாசி ரோட்டு ஜெராக்ஸ் கடைத் தம்பி, கட்டம் போட்ட எழுத்துப் பயிற்சித் தாளை இருபது பிரதி எடுத்துக் கொடுத்துவிட்டு, "பேரப் பிள்ளைக்கா டீச்சர்?" என்றார். "எனக்குத்தாம்பா" என்றேன். சிரித்துவிட்டு இரண்டு ரூபாய் குறைத்து வாங்கிக்கொண்டார்.

இத்தனை நாள் யாருக்கும் முழுப் பதில் சொன்னதில்லை. போன ஞாயிற்றுக்கிழமை ஒரு போன் வந்தது. இனி சொல்லிவிடலாம் என்று தோன்றுகிறது.

ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் முடித்து, ஒன்றியப் பள்ளிகளில் வேலை பார்த்து, 2018இல் ஓய்வு பெற்றவள் நான். என் வீட்டுக்காரர் பட்டு நெசவாளர். வீட்டிலேயே குழித்தறி. 2019 ஐப்பசியில் அவர் காலமானார். அதற்குப் பிறகு வீட்டில் தறிச் சத்தம் இல்லை. அந்தச் சத்தத்தில்தான் முப்பது வருடம் தூங்கி எழுந்தேன் என்பதே அது நின்ற பிறகுதான் தெரிந்தது.

2022இல் என் பழைய மாணவி ஒருத்தி வந்தாள். நெசவாளர் வீட்டுப் பெண். அப்பாவின் தறிக்கு வேலை குறைந்துவிட்டது. ஜப்பானில் வயதானவர்களைப் பராமரிக்கும் வேலைக்குப் போவதாக முடிவு செய்திருந்தாள். அங்கே அந்த வேலையைக் 'கைகோ' என்கிறார்கள். ஆள் பற்றாக்குறையால் 2019 ஏப்ரலில் ஜப்பான் வெளிநாட்டுத் தொழிலாளர்களுக்கு ஒரு புது விசாவைக் கொண்டு வந்தது. 2021 ஜனவரியில் இந்தியாவும் அதற்கு ஒப்பந்தம் போட்டது. பராமரிப்பு வேலைக்குத் திறன் தேர்வு ஒன்று, பொதுவான ஜப்பானிய மொழித் தேர்வு ஒன்று, பராமரிப்புக்கென்றே தனியாக ஒரு மொழித் தேர்வு என்று மூன்றையும் தாண்ட வேண்டும்.

"டீச்சர், எங்க வீட்ல ஒரே சத்தம். சாயந்திரம் ஆன்லைன் கிளாஸ். உங்க வீட்ல உக்காந்து படிக்கட்டுமா?"

"இதுக்கு ஏம்மா கேக்கற? வா."

அவள் படிக்க, நான் பக்கத்தில் உட்கார்ந்து பூ கட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வாரத்தில் பூவை வைத்துவிட்டுப் பலகையை எடுத்துக்கொண்டேன். எத்தனையோ பிள்ளைகளுக்கு 'அ' போடக் கற்றுக்கொடுத்த கை, அவர்களுடைய 'அ' போட மூன்று நாள் எடுத்தது. 2024இல் அவள் தேர்வுகளை முடித்து ஜப்பான் போய்விட்டாள். நான் படிப்பை விடவில்லை. மொழித் தேர்வில் ஐந்து நிலைகள். என் ஐந்து தொடக்கம், என் ஒன்று உச்சம். நான் இப்போது என் இரண்டுக்குப் படிக்கிறேன்.

இந்த நிலையில் என்னைத் திணறடிப்பது இலக்கணம் இல்லை. 'ரொம்ப' என்ற ஒரே ஒரு வார்த்தைதான்.

தொடக்கத்தில் 'தொத்தெமோ' என்று ஒன்று சொல்லிக் கொடுப்பார்கள். ரொம்ப என்று அர்த்தம். ரொம்பச் சூடு, ரொம்ப நல்லது, எல்லாவற்றுக்கும் அதை வைத்து ஓட்டிவிடலாம். மேலே போனால் அந்த ஒன்று இருபதாகப் பிரிந்து நிற்கிறது. 'கனாரி' என்றால் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே கூட. 'ஹிஜோனி' என்பது செய்தி வாசிப்பவர் சொல்லும் 'மிக'. 'கிவாமெத்தே' என்பது அறிக்கையில் எழுதுவது, நம் 'மிக மிக' போல. 'ஹனஹதா' பெரும்பாலும் விரும்பத்தகாத விஷயத்துக்கு வரும்: மிகவும் வருந்தத்தக்கது என்கிற மாதிரி. 'இச்சிஜிருஷீ' என்றால் கண்ணுக்குத் தெரிகிற அளவு மாற்றம். 'ஒபிததஷீ' எண்ணிக்கைக்கு, ஈசல் கூட்டம் போல. 'ஹகேஷீ' வேகத்துக்கும் சீற்றத்துக்கும்: மழை, சண்டை, வலி. ஒன்றின் இடத்தில் இன்னொன்றைப் போட்டால் தேர்வில் மதிப்பெண் போய்விடும்.

முதலில் எரிச்சலாக இருந்தது. பிறகு என் சொந்த மொழியை நினைத்துப் பார்த்தேன். உரிச்சொல் பாடம் எத்தனை தடவை நடத்தியிருப்பேன்! சால, உறு, தவ, நனி, கூர், கழி ஆகிய ஆறும் மிகுதியைக் காட்டும் என்று பிள்ளைகளை மனப்பாடம் செய்ய வைத்தேன். உறு, தவ, நனி மூன்றையும் தொல்காப்பியமே சொல்கிறது. நாமும் ஒரு காலத்தில் இருபது வைத்திருந்தவர்கள்தான். இன்றைக்கு 'நிரம்ப' தேய்ந்து வந்த 'ரொம்ப' ஒன்றை வைத்துப் பிழைப்பை ஓட்டுகிறோம்.

அதுவும் முழு உண்மை இல்லை. அடுப்படியில் நின்று காது கொடுத்துக் கேளுங்கள். உப்பு 'தூக்கல்', காரம் 'மட்டு'. வாசலுக்கு வந்தால் வெயில் 'கொளுத்துது', குளிர் 'வெடவெட'ங்குது, இருட்டு 'கும்மிருட்டு', பசி 'அகோரப் பசி'. ஒவ்வொன்றுக்கும் தனித்தனி அளவு. கும்மிப் பசி என்றோ அகோர இருட்டு என்றோ யாராவது சொல்கிறோமா? ஜப்பானியரும் அதைத்தான் செய்கிறார்கள். நமக்குப் பிறவியிலேயே வந்துவிட்டது, அவர்களுடையதை நாம் உட்கார்ந்து படிக்க வேண்டியிருக்கிறது. அவ்வளவுதான்.

நிறத்தில் இந்த ஒற்றுமை இன்னும் அழகு. சிவப்பு அவர்களுக்கு 'அகா'. நல்ல செக்கச்செவேலென்ற சிவப்பு 'மக்கா'. கருப்பு 'குரோ', கன்னங்கரேல் 'மக்குரோ'. வெள்ளை 'ஷிரோ', வெள்ளைவெளேர் 'மஸ்ஷிரோ'. முன்னால் ஒரு 'ம' வந்து அழுத்தம் கொடுக்கிறது. 'மக்கா' என்று முதல் தடவை கேட்டதும் என் மாணவி, "டீச்சர், தெக்கத்திக்காரங்க கூப்புடற மாதிரி இருக்கு" என்று விழுந்து விழுந்து சிரித்தாள்.

நல்லதைச் சொல்லப் பயமான வார்த்தையை எடுப்பதும் இரண்டு பக்கமும் உண்டு. 'சுகோய்' என்று இன்றைக்கு அங்கே குழந்தைகள் பூரிக்கிற வார்த்தைக்குப் பழைய அர்த்தம் உடம்பு சில்லிடும் அச்சம். அதன் எழுத்தில் ஓரத்தில் இருக்கும் இரண்டு புள்ளி பனிக்கட்டியைக் குறிப்பது. 'யபாய்' என்றால் ஆபத்து. இளசுகள் வாயில் அது 'சூப்பர்'. நம் பிள்ளைகள் "படம் பயங்கரமா இருக்கு, வெறித்தனம்" என்று சொல்லும்போது திருத்தியிருக்கிறேன். தேவையில்லாமல் திருத்திவிட்டேனோ என்று இப்போது நினைக்கிறேன்.

இதைப் படித்ததும் சிலர் "தமிழிலிருந்துதான் ஜப்பானிய மொழி வந்தது" என்று எழுதுவீர்கள். சுசுமு ஓனோ என்ற ஜப்பானியப் பேராசிரியர் இரு மொழிகளுக்கும் உறவு உண்டு என்று பல ஆண்டுகள் எழுதினார். அவருடைய உழைப்பு பெரியது. ஆனால் மொழியியலாளர்களில் பெரும்பாலோர் அதை ஏற்கவில்லை. எனக்கு அந்த வழக்கு வேண்டாம். உறவு இல்லாத இரண்டு வீட்டிலும் ஒரே மாதிரி கோலம் போட்டிருந்தால் அதுவே சந்தோஷம்தானே.

இந்த அளவுச் சொற்களை அவர்கள் எவ்வளவு கறாராக வைத்திருக்கிறார்கள் என்பதை மழையில் பார்த்தேன். ஜப்பான் வானிலை மையம் ஒரு மணி நேரத்தில் பெய்யும் மழையை அளந்து பெயர் வைக்கிறது. 10 முதல் 20 மில்லிமீட்டர் வரை 'ஓரளவு பலமான' மழை. 20 முதல் 30 வரை 'பலமான' மழை. 30 முதல் 50 வரை 'ஹகேஷீ'. 50 முதல் 80 வரை அதற்கு முன்னால் 'ஹிஜோனி' சேரும். 80க்கு மேல் போனால் 'மோரெத்சு'. அந்தச் சொல்லின் இரண்டு எழுத்துகளில் ஒன்றின் ஓரத்தில் நாய், இன்னொன்றின் அடியில் நெருப்பு. நாயும் நெருப்பும் சேர்ந்த மழை!

நம்மிடமும் உண்டு. 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டருக்கு மேல் கனமழை, 115.6இலிருந்து மிக கனமழை, 204.4ஐத் தாண்டினால் அதி கனமழை. டிவியில் தினமும் கேட்கிறோம், 'கன', 'மிக கன', 'அதி கன' எல்லாம் ஒன்றுதான் என்று விட்டுவிடுகிறோம். 2015 டிசம்பர் முதல் தேதி தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. 'அதி' என்ற இரண்டெழுத்துக்குள் அவ்வளவு தண்ணீர் இருந்தது என்பது அன்றைக்குத்தான் புரிந்தது.

நிலநடுக்கத்துக்கு அவர்களிடம் இரண்டு அளவு. ஒன்று நாம் கேள்விப்படும் ரிக்டர் மாதிரியான அளவு, பூமிக்கடியில் வெளியான சக்தி எவ்வளவு என்பது. அது ஒரு நடுக்கத்துக்கு ஒரே எண்தான். இன்னொன்று 'ஷிந்தோ'. நீங்கள் நிற்கிற இடத்தில் எவ்வளவு ஆடியது என்பது. 0 முதல் 7 வரை, அதில் 5க்கும் 6க்கும் மட்டும் 'மெலிந்த 5, வலுத்த 5' என்று இரண்டிரண்டு. ஆக மொத்தம் பத்து படி. ஒரே நடுக்கம் ஓர் ஊரில் 7, பக்கத்து மாவட்டத்தில் 4, தூரத்தில் 1. 2024 புத்தாண்டு அன்று நோதோ தீபகற்பத்தில் 7. என் மாணவி போய்ச் சேர்ந்தபோது இந்தப் பாடத்தைத்தான் அங்கே முதலில் சொல்லிக் கொடுத்தார்களாம்.

அந்த 'ஷிந்தோ' பாடத்தைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

என் மாணவியின் பராமரிப்புப் பாடத்தில் வலிக்கென்றே ஒரு பக்கம் இருந்தது. எல்லாம் நம் இரட்டைக்கிளவி போல. விண் விண்ணென்று தெறிக்கும் வலி 'ஸுகிஸுகி'. சுருக் சுருக்கென்று ஊசி குத்துவது 'ச்சிக்குச்சிக்கு'. தோல் காந்துவது 'ஹிரிஹிரி'. மண்டையில் சம்மட்டி அடிப்பது 'கங்கங்'. வயிற்றில் மந்தமாக விட்டு விட்டு வலிப்பது 'ஷிக்குஷிக்கு'. படுக்கையில் இருக்கும் பெரியவர் எந்தச் சொல்லைச் சொல்கிறார் என்பதைக் கவனித்து நர்ஸிடம் அப்படியே சொல்ல வேண்டும், மாற்றிச் சொல்லக் கூடாது என்று பாடம்.

பக்கத்தின் கடைசியில் 'ச்சொத்தோ' என்று ஒரு சொல். அர்த்தம்: கொஞ்சம்.

"இது ஈஸி டீச்சர்" என்றாள் அவள். அடுத்த நாள் வகுப்பில் அவர்களுடைய ஆசிரியை, இதுதான் எல்லாவற்றிலும் கஷ்டமான சொல் என்றாராம். ஜப்பானியர் முடியாது என்று முகத்துக்கு நேராகச் சொல்ல மாட்டார்கள். "அது ச்சொத்தோ..." என்று இழுத்து நிறுத்திவிடுவார்கள். மீதியை நாம்தான் புரிந்துகொள்ள வேண்டும். வயதானவர் "ச்சொத்தோ வலிக்குது" என்றால் கொஞ்சம் வலி என்று குறித்துக்கொண்டு போய்விடாதீர்கள், அடுத்தவருக்குத் தொந்தரவு கொடுக்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொல்லியிருப்பார்கள் என்று எச்சரித்திருக்கிறார்.

அதை அவள் என்னிடம் சொல்லிக்கொண்டிருந்தபோது, நான் தறிக்குழிப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் வீட்டுக்காரருக்குச் சாயத்தில் அவ்வளவு வார்த்தை தெரியும். ஒரே அரக்கில் நாலு அரக்கு பிரிப்பார். "இது தூக்கல், இது மங்கல், இது சும்மா அரக்குன்னு பேரு" என்பார். நான் பார்த்தால் எல்லாம் ஒன்றுதான். கோர்வையில் ஒரு இழை இழுத்துக்கொண்டால், "ரொம்ப அசிங்கமா போச்சு டீச்சரம்மா" என்று இரண்டு நாள் புலம்புவார். அப்படிப்பட்டவர் தன் உடம்பைப் பற்றிச் சொல்ல வைத்திருந்தது ஒரே வார்த்தை. "கொஞ்சம் இடுப்பு புடிச்சிருக்கு." "கொஞ்சம் முட்டி வலி." நாற்பது வருடம் குழியில் காலை விட்டு மிதித்தவருக்கு எல்லாமே கொஞ்சம்தான்.

அந்த ஐப்பசி இரவு சாப்பிட்டுவிட்டு எழுந்தவர், நெஞ்சைத் தடவிக்கொண்டே உட்கார்ந்தார்.

"என்னங்க?"

"கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்கு."

"வாயுவா இருக்கும். ஓமத் தண்ணி வெக்கட்டா?"

"வை."

குடித்தார். பத்து நிமிஷம் கழித்துக் கேட்டேன். "கொஞ்சம் பரவால்ல" என்றார். படுத்தார். நானும் படுத்தேன். விடியற்காலை நாலு மணிக்கு எழுந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. பிறகு வந்து பார்த்த டாக்டர், "எப்பத்துலேர்ந்து வலின்னு சொன்னாரு?" என்று கேட்டார். "வலின்னு சொல்லலையே டாக்டர், கொஞ்சம் ஒரு மாதிரியா இருக்குன்னுதான் சொன்னாரு" என்றேன்.

இதை நான் இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. என் பிள்ளைகளிடம்கூட, "தூக்கத்துலயே போயிட்டாரு" என்றுதான் சொல்லியிருக்கிறேன். அதுவும் பொய் இல்லை. ஆனால் அந்த மாலை மாணவியிடம் சொல்லிவிட்டேன். அவள் ஒன்றும் பேசவில்லை. போகும்போது மட்டும், "சார் எங்க அப்பாகிட்டயும் எப்பவும் கொஞ்சம்னுதான் டீச்சர் சொல்லுவாரு" என்றாள்.

நானும் உரிச்சொல் நடத்தியவள்தான். மிகுதியைக் காட்டும் சொற்கள் எவை என்று கேட்டால் தூக்கத்திலும் ஆறையும் சொல்வேன். ஏழாவதாக 'கொஞ்சம்' என்று ஒன்று இருப்பது எந்தப் பாடநூலிலும் இல்லை. நானாகவும் கண்டுபிடிக்கவில்லை. பூமிக்கடியில் எவ்வளவு சக்தி என்று கேட்பது ஒன்று, உன் வீட்டில் எவ்வளவு ஆடியது என்று கேட்பது வேறு. நான் "வலி பெருசா, சின்னதா" என்பதோடு நின்றுவிட்டேன். எந்த மனிதர் சொல்கிறார், அவர் வழக்கமாக எவ்வளவைக் கொஞ்சம் என்பார், வழக்கமாக உட்காராத நேரத்தில் ஏன் உட்கார்ந்தார் என்று பார்க்கவில்லை.

சரி, போன ஞாயிறு வந்த போனுக்கு வருகிறேன்.

அவள் வேலை பார்ப்பது ஷிசுவோகா மாகாணத்தில் ஒரு முதியோர் இல்லம். அவர்கள் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால். இரவுப் பணி முடித்து வந்து பேசினாள். குரல் கம்மியிருந்தது.

அவள் பார்த்துக்கொள்ளும் பாட்டி ஒருவர். தொண்ணூறு வயதை நெருங்குகிறவர். எதற்கும் "தைஜோபு, தைஜோபு" என்பவர். பரவாயில்லை என்று அர்த்தம். அன்று இரவு படுக்க வைக்கும்போது நெஞ்சில் கை வைத்து, "ச்சொத்தோ..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாராம். பிறகு "தைஜோபு" என்று சிரித்தாராம்.

"எனக்கு சார் ஞாபகம் வந்துடுச்சு டீச்சர். விளக்க அணைக்கல. பக்கத்துல முட்டி போட்டு உக்காந்தேன். எப்படி இருக்குன்னு கேட்டேன். சொல்லல. ஒவ்வொரு வார்த்தையா நானே சொல்லிக் கேட்டேன். ஸுகிஸுகியா? இல்லன்னு தலையாட்டுனாங்க. ச்சிக்குச்சிக்கா? இல்ல. இறுக்கிப் புடிக்கற மாதிரியான்னு கேட்டேன். கண்ணுல தண்ணி வந்துச்சு. உடனே நர்ஸக் கூப்ட்டேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்க."

"இப்ப எப்படிம்மா இருக்காங்க?"

"இன்னும் ஆஸ்பத்திரியிலதான் இருக்காங்க டீச்சர். என்ன ஆகும்னு தெரியல. ஆனா நான் கேட்டேன் டீச்சர். கேக்காம விடல."

எனக்குப் பேச்சு வரவில்லை. "சாப்ட்டியாம்மா?" என்று மட்டும் கேட்டேன். "கொஞ்சம்" என்றாள். "கொஞ்சம்னா எவ்ளோ?" என்று அதட்டினேன். நேற்று மத்தியானத்திலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை என்று ஒப்புக்கொண்டாள். போனை வைக்காமல், அவள் அரிசி களைந்து குக்கர் வைக்கிற வரைக்கும் லைனிலேயே இருந்தேன்.

எதற்கு ஜப்பான் பாஷை என்று கேட்டவர்களுக்கு இதுதான் என் பதில். டிசம்பரில் சென்னையில் தேர்வு எழுதப் போகிறேன். தேறினால் மகிழ்ச்சி, தேறாவிட்டால் ஜூலையில் மறுபடி எழுதுவேன். இந்த வயதில் ஃபெயில் ஆவதற்கு எனக்குப் பயமில்லை.

நட்புகளே, ஒரு வேண்டுகோள். உங்கள் வீட்டில் "கொஞ்சம்" என்று மட்டுமே சொல்லத் தெரிந்த ஒருவர் கட்டாயம் இருப்பார். அப்பாவாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், பேசாமல் சோறு போடும் அம்மாவாக இருக்கலாம். அடுத்த தடவை அவர் அந்த வார்த்தையைச் சொல்லும்போது செய்கிற வேலையைக் கீழே வைத்துவிட்டு, எதிரில் உட்கார்ந்து, "கொஞ்சம்னா எவ்ளோ? எந்த மாதிரி?" என்று கேளுங்கள். "ஒண்ணுமில்ல" என்பார். இன்னொரு தடவை கேளுங்கள். நெஞ்சு என்றால் ஓமத் தண்ணீர் வைக்காதீர்கள், வண்டி எடுங்கள்.

உங்கள் ஊரில், உங்கள் வீட்டில் வலியை எப்படிச் சொல்வார்கள்? கடுகடு, விண் விண், சுருக், குத்தல், குடைச்சல் என்று என் நோட்டில் இதுவரை பதினேழு சேர்த்திருக்கிறேன். உங்களுக்குத் தெரிந்ததை கமென்டில் எழுதுங்கள். பாட்டி குணமாகி வந்தால் என் மாணவி சொல்வாள், நான் இங்கே வந்து சொல்கிறேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்,
செவிலிமேடு.